லண்டனுக்குப் போவதா, லண்டன் இங்கே வரட்டும் என்று இருப்பதா?

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாட்களில் அண்ணா சாலை, நுங்கம்பாக்கம் பக்கத்து ஹோட்டல்களில் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சிகள் களைகட்டும். எந்த நாடு, எவ்வளவு செலவு என்று கேட்டுக்கொண்டிருந்த பெற்றோர் இப்போது இன்னொன்றையும் கேட்கிறார்கள்: "அந்தப் பல்கலைக்கழகமே இங்கே வரப்போகிறதாமே, அப்புறம் எதற்குப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும்?"

நியாயமான கேள்வி. உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் இருக்கும் பல்கலைக்கழகங்கள் இந்தியாவில் வளாகம் தொடங்கலாம் என்று 2023 நவம்பரில் யூஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறை வெளியிட்டது. குஜராத்தின் சிறப்பு நிதி நகரமான கிஃப்ட் சிட்டிக்குத் தனி விதிமுறை இருந்ததால் டீக்கின், உல்லன்காங் என்ற இரண்டு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் 2024இல் அங்கே வகுப்புகளைத் தொடங்கின. பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் 2025இல் குருகிராமில் கதவைத் திறந்தது. பெர்த் நகரைச் சேர்ந்த வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா பல்கலைக்கழகம் மும்பையோடு நம் சென்னையிலும் வளாகம் அமைக்க அதே ஆண்டில் ஒப்புதல் பெற்றது.

சான்றிதழைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். யூஜிசி விதிப்படி கிளை வளாகத்தில் தரப்படும் பட்டம் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் முத்திரையிலும்தான் வர வேண்டும். அதன் மதிப்பும் அங்கே தரப்படும் பட்டத்துக்குச் சமம். இந்தியாவில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று தனியாகச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஆசிரியர் குறைந்தது ஒரு செமஸ்டராவது இங்கே தங்கிப் பாடம் நடத்த வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது.

ஆனால் நம் வீடுகளில் வெளிநாட்டுப் படிப்பு என்று சொல்லும்போது பட்டத்தை மட்டுமா மனத்தில் வைத்துச் சொல்கிறோம்? படித்து முடித்த பிறகு அங்கே தங்கி வேலை தேட உரிமை கிடைக்கும், அந்தச் சம்பளத்தில் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கு பெரும்பாலான குடும்பங்களில் உண்டு. பிரிட்டனின் கிராஜுவேட் விசா, பிரிட்டனில் இருந்து படித்தவர்களுக்குத்தான். ஆஸ்திரேலியாவின் பட்டதாரி விசாவும் ஆஸ்திரேலிய மண்ணில் படித்த காலத்தைத்தான் கணக்கில் எடுக்கும். சென்னை வளாகத்தில் படித்த பிள்ளைக்கு அதே பட்டம் கையில் இருக்கும். அந்த விசா உரிமை இருக்காது. சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருப்பவர் இதைத் தானாக எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த உரிமையும் சுருங்கிக்கொண்டே வருகிறது. பிரிட்டனில் இரண்டு ஆண்டாக இருந்த கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதம்தான். ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குப் போய், ஒன்றரை ஆண்டில் விசா ஆதரவு தரும் நிறுவனத்தைத் தேடிப் பிடிப்பது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே கடினம்.

அடுத்தது பணம். வங்கியில் கல்விக்கடன் மேசைக்கு எதிரே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், நிலவரம் புரியும். பிளாஸ்டிக் உறையிலிருந்து தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். வக்கீல் பார்த்துச் சொல்ல வேண்டும், மதிப்பீட்டாளர் வந்து வீட்டை அளக்க வேண்டும். பத்திரத்தில் சித்தப்பா பெயரும் இருந்தால் அவரும் கையெழுத்துப் போட வர வேண்டும்; அவர் யோசித்துச் சொல்கிறேன் என்பார். பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான திட்டத்தில் 7.5 லட்ச ரூபாயைத் தாண்டினால் சொத்து அடமானம் கேட்பார்கள். பெயர்பெற்ற சில பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வெளிநாட்டுப் படிப்பு என்றால் மொத்தச் செலவில் 15 சதவீதம் நம் கைப்பணம். உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் போதும்.

பிரிட்டனில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணமே ஆண்டுக்கு 15,000 பவுண்டுக்குக் குறையாது. லண்டனுக்கு வெளியே என்றாலும் தங்கும் செலவுக்காக மாதம் 1,100 பவுண்டுக்கு மேல், ஒன்பது மாதக் கணக்கில் வங்கியில் காட்ட வேண்டும். மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. குருகிராம் வளாகத்தில் இளநிலைக் கட்டணம் ஆண்டுக்கு 13 லட்ச ரூபாய்க்கு மேல். பிரிட்டனுக்குப் போவதோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. சென்னையிலேயே வளாகம் என்றால் விடுதிச் செலவும் மிச்சம், பிள்ளை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு படிக்கலாம்.

ஆனால் இந்த ஒப்பீட்டை இத்தோடு நிறுத்துவது தவறு. கிளை வளாகம் உண்மையில் போட்டி போடுவது லண்டனோடு அல்ல, கிண்டியோடு. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் ஆண்டுப் படிப்புக் கட்டணம் ஒரு லட்ச ரூபாயைத் தொடாது. நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்க அந்த வளாகத்துக்கே வந்து காத்திருக்கின்றன. அங்கே படித்த அண்ணன்களும் அக்காக்களும் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். புதிதாகத் திறக்கும் வளாகத்தில் முதல் ஆண்டு சேரும் பிள்ளைக்கு வழிகாட்ட ஒரு சீனியர்கூட இருக்க மாட்டார். கிண்டியில் இடம் கிடைக்கும் கட்ஆஃப் இருக்கும் பிள்ளையை, பெயருக்காக மட்டும் பல லட்சம் கட்டி இங்கேயே ஒரு கிளையில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூடிவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயமும் வீண் பயமல்ல. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007இல் சிங்கப்பூரில் வளாகம் திறந்து, எதிர்பார்த்த அளவு மாணவர் சேராததால் ஒரே செமஸ்டரில் மூடியது. கத்தாரில் 2003 முதல் நடந்துவரும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் வளாகத்தை 2028க்குள் மூட 2024இல் முடிவெடுத்தார்கள். அதே சமயம் மலேசியாவில் மோனாஷ் 1998 முதலும், துபாயில் உல்லன்காங் 1993 முதலும் நிலைத்து நிற்கின்றன. யூஜிசி அனுமதியில்லாமல் இங்கே வளாகத்தை மூட முடியாது, மாணவருக்கு மாற்று ஏற்பாடு செய்வதும் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று விதி சொல்கிறது. அந்த மாற்று ஏற்பாடு எந்த ஊரில், எந்தக் கட்டணத்தில் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

என்னிடம் கேட்டால் இளநிலையை நல்ல உள்ளூர்க் கல்லூரியில் முடித்துவிட்டு முதுநிலைக்கு வெளிநாடு போவதுதான் நடுத்தரக் குடும்பத்துக்குச் சரியான வழி என்பேன். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே கிடையாது. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டினால் போதும், அதுவும் மாதாமாதம் பிள்ளையின் செலவுக்கே திரும்பி வரும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் முதுநிலையும் ஆராய்ச்சியும் படிக்கத் தமிழக அரசு ஆண்டுக்கு 36 லட்ச ரூபாய் வரை உதவித்தொகை தருகிறது. இது தெரியாமலேயே வட்டிக்குக் கடன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கிளை வளாகம் பொருந்தும் பிள்ளைகளும் உண்டு. குடும்பச் சூழலால் ஊரைவிட்டு நகர முடியாதவர்கள், படித்துவிட்டு இங்கேயே தொழிலைக் கவனிக்கப் போகிறவர்கள், கடைசி ஓராண்டைத் தாய் வளாகத்தில் படிக்க விரும்புகிறவர்கள். கடைசி வகையினர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாற்றம் உறுதியா, மதிப்பெண்ணைப் பொறுத்ததா, அந்த ஓராண்டுக்கு இந்தியக் கட்டணமா அந்த நாட்டுக் கட்டணமா, விசா மறுக்கப்பட்டால் படிப்பை இங்கேயே முடிக்கலாமா என்று கேளுங்கள். பதில் கையேட்டில் அச்சாகியிருக்க வேண்டும். வாய்வார்த்தையாக மட்டும் கிடைத்தால் முன்பணம் கட்ட வேண்டாம்.