முறைவைத்து வரும் முடி: பிரித்தானியாவா, மலேசியாவா?

இந்த வருட உயர்தர வகுப்புக்கு முடியாட்சியைப் படிப்பிக்கத் தொடங்கியபோது, வழமைபோல் பிரித்தானியாவை முன்னுக்கு வைக்காமல் மலேசியாவை எடுத்தேன். பல வருடப் பழக்கத்தை மாற்ற வைத்தது முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளையின் கேள்வி: "ரீச்சர், ராசா செத்தால் அடுத்த ராசா ஆரெண்டு ஆர் முடிவெடுக்கிறது?"

எங்கள் வகுப்பு நல்லூரில். முத்திரைச் சந்தியில் குதிரை மேல் வாளோடு இருக்கும் சங்கிலியன் சிலையைக் கடந்துதான் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். 1617 இல் யாழ்ப்பாண அரசன் எதிர்மன்னசிங்கம் இறந்தபோது வாரிசு சின்னப்பிள்ளை. பிள்ளை வளரும்வரை ஆட்சியைப் பார்க்க இருந்த அரசகேசரியைக் கொன்றுதான் இரண்டாம் சங்கிலி அதிகாரத்தைப் பிடித்தான். இரண்டே வருடத்தில், 1619 இல், யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. இது பழங்காலத்துக் கதை என்று தள்ளவும் முடியாது. நேபாளத்தில் 2001 யூன் 1 அன்று மன்னர் பிரேந்திரா குடும்பத்தோடு அரண்மனைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2008 இல் அந்த முடியாட்சியே ஒழிக்கப்பட்டது.

இன்று உலகில் 43 நாடுகளில் முடி இருக்கிறது. அதில் 15 நாடுகளுக்கு மூன்றாம் சார்ள்ஸ் ஒருவரே மன்னர். சவூதி போன்ற நாடுகளில் மன்னர் ஆள்கிறார். சுவீடன், ஜப்பான் போன்றவற்றில் அடையாளமாக இருக்கிறார். அதிகாரம் எவ்வளவு, அரண்மனைச் செலவு எவ்வளவு என்பதெல்லாம் எல்லாரும் ஒப்பிடுவதுதான். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கதிரை வெறுமையாகும் நாளில் என்ன நடக்கிறது?

பிரித்தானியாவில் அந்த வெறுமையே இல்லை. 2022 செப்ரெம்பர் 8 அன்று எலிசபெத் கண்மூடிய கணமே, 73 வயதில், சார்ள்ஸ் மன்னர். ஒரு நிமிட இடைவெளியும் இல்லை. பெண்பிள்ளை தம்பிக்குப் பின்னால் நிற்கும் பழைய முறையையும் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிவிட்டார்கள். ஆனால் வருகிறவர் தகுந்தவரா என்று கேட்க அங்கே ஒரு வாசலும் இல்லை. 1952 இல் எலிசபெத் இலங்கைக்கும் இராணியானார், 1972 வரை இருந்தார். அவர் வந்தபோது எங்கள் தாத்தா, பாட்டியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜப்பானில் சிக்கல் வேறு. ஆண்வழி மட்டும் என்ற 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பேரரசரின் ஒரே மகள் அய்கோவுக்கு வழியில்லை. இளந்தலைமுறையில் 2006 இல் பிறந்த ஹிசாஹித்தோ ஒருவரே மிச்சம். சவூதியில் 1953 முதல் முடி அண்ணன் தம்பிமாருக்குள் வந்தது. 2017 இல் பட்டத்து இளவரசரையே மாற்றினார்கள். அரச குடும்பத்துக்கு வெளியே யாரிடமும் கேட்கவில்லை.

நோர்வே மட்டும் என்னைக் கொஞ்சம் அசைத்தது. 1905 இல் டென்மார்க் இளவரசர் கார்ல், சனம் வாக்களித்தால்தான் வருவேன் என்றார். ஐந்தில் நான்கு பங்கு வாக்கு ஆதரவாக விழுந்தபின்தான் ஏழாம் ஹாகோன் ஆனார். அழகான தொடக்கம். ஆனால் கேட்டது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு வழிவழியாகத்தான் வருகிறது.

மலேசியா அந்தக் கேள்வியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கேட்கிறது. ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரை மாமன்னராகத் தெரிகிறார்கள். வாக்கு இரகசியம். வாக்குச்சீட்டில் இலக்கம் இல்லை, எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பேனை, ஒரே மை. முடிவு வந்ததும் சீட்டுகளை அழித்துவிடுகிறார்கள். குறைந்தது ஐந்து வாக்கு வேண்டும். முறைவரிசையில் அடுத்தவரின் பெயர்தான் வாக்குக்கு வரும்; அவர் வேண்டாம் என்றும் சொல்லலாம். எங்கள் ஊர்க் கோயிலில் இன்ன திருவிழா இன்ன பகுதியாருக்கு என்று இருப்பதுபோலத்தான். அடுத்த முறை தனக்கும் வரும் என்று தெரிந்தவனுக்கு இன்றைக்குச் சண்டைபிடிக்கத் தேவையில்லை.

இது தாங்குமா என்பதற்கு 1960 ஐப் பாருங்கள். சுதந்திரம் கிடைத்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 1 அன்று முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் காலமானார். அடுத்து வந்த சிலாங்கூர் சுல்தான் முடிசூட்டு விழாவுக்கு முன்பே செப்ரெம்பர் 1 அன்று காலமானார். அதே மாதம் பெர்லிஸ் அரசர் பதவியேற்றார். ஐந்து மாதத்தில் இரண்டு மரணம். வாள் எடுத்தவர் யாருமில்லை. 2019 ஜனவரி 6 அன்று மாமன்னர் ஐந்தாம் முகம்மது இடைநடுவில் விலகியபோதும், 24 ஆம் திகதி அடுத்தவரைத் தெரிந்துவிட்டார்கள். அப்படி வந்த பகாங் சுல்தான் அப்துல்லாதான், 2022 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, அன்வார் இப்ராகிமைப் பிரதமராக நியமித்தார்.

குறையும் உண்டு. வாக்களிக்கும் ஒன்பது பேரும் ஆண்கள்; பெரும்பாலும் பிறப்புவழி வந்தவர்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழருக்கு இந்தத் தெரிவில் பங்கில்லை. ஆட்சியாளரைப் பற்றிப் பேசுவதற்கும் தேசநிந்தனைச் சட்டம் எல்லை போட்டிருக்கிறது. நான் அங்கே நின்றது ஈப்போவில், சொந்தக்காரர் வீட்டில், இரண்டு கிழமை மட்டும். சட்டத்தைப் படித்துச் சொல்கிறேன். அந்த முடியின் கீழ் வாழ்ந்து சொல்லவில்லை.

ஈப்போவால் வரும்போது கொண்டுவந்த பத்து ரிங்கிட் தாளையும், லண்டன் மச்சாள் தந்த ஐந்து பவுண் தாளையும் வகுப்பில் கைமாற்றி விட்டேன். பவுணில் புதிதாக வந்த சார்ள்ஸின் முகம். ரிங்கிட்டில் துவாங்கு அப்துல் ரஹ்மான். முன்வாங்குப் பிள்ளை ரிங்கிட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"இவர்தானோ ரீச்சர் இப்ப ராசா?"

"இல்லைப் பிள்ளை, இவர் செத்தது 1960 இல. பிறகு பதினாறு தரம் ஆள் மாறியிட்டுது."