ஃபைபர் படகுக்கான கறைநீக்கி ஜெல்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

படகின் மேல் படியும் எல்லாக் கறைகளையும் தேய்க்காமலே போக்கிவிடும் என்று புட்டியில் அச்சிட்டு, இணையக் கடைகளில் விற்கப்படும் ஜெல் வகைக் கறைநீக்கி ஒன்றை, கேரளத்தின் பூவாறு காயலில் சவாரிக்கு விடும் எங்கள் வெள்ளை ஃபைபர் படகில் பயன்படுத்திப் பார்த்தோம். நீர்மட்டக் கறைக்கும் துரு ஒழுக்குக்கும் அது சொன்னபடியே வேலை செய்கிறது. பழைய ஸ்டிக்கர் விட்டுச்சென்ற பசையை அது தொடக்கூட இல்லை. வாங்கும் முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

நெய்யாறு கடலில் கலக்கும் இந்தப் பகுதியில் கண்டல் (மாங்குரோவ்) மரங்களின் இலையும் பட்டையும் நீரில் ஊறிக்கொண்டே இருப்பதால், அவற்றிலிருந்து இறங்கும் டானின் என்னும் பழுப்புச் சாயம், ஓடும் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், இருபுறமும் மீசை வரைந்ததுபோல் மஞ்சளும் பழுப்புமாக ஏறிவிடுகிறது. ஃபைபரின் மேல் உள்ள ஜெல்கோட் என்னும் பிசின் பூச்சு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், வெயிலில் நாள்பட அதில் நுண்துளைகள் விழுந்து கறை உள்ளே இறங்கிவிடும்; சோப்புத்தூள் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் மேலே உள்ள அழுக்குதான் போகும். ஜெல்லைத் தூரிகையால் பூசிவிட்டு நின்றால், பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் பழுப்பு நிறம் தானாக வெளிறிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். இரும்பு போல்ட்டுகளுக்குக் கீழே வடிந்திருந்த துருக்கோடுகளும் இதே முறையில் மறைந்தன. பூசியது காய்வதற்குள் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும் என்பதால், உச்சி வெயிலில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் உள்ளதைப் படித்தால், இதில் வேலை செய்வது ஆக்ஸாலிக் அமிலம் என்பது தெரியும். துருவில் உள்ள இரும்பைப் பிடித்து நீரில் கரையும் பொருளாக மாற்றுவது அதன் குணம். மார்பிள் தரைக்கு மெருகு போடுபவர்கள் வாங்கும் அதே பொடிதான் இது. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் கேட்டால், புட்டி விலையில் சிறு பங்குக்குக் கிடைத்துவிடும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறத்தாழ 50 கிராம் போதும். கடல்நீரிலோ காயல்நீரிலோ கரைக்கக் கூடாது. அதிலுள்ள கால்சியம் அமிலத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பொடியாகப் படிந்து, மருந்தில் ஒரு பங்கை வீணாக்கிவிடும். படகின் அடியில் ஒட்டிய கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) கழன்ற பின் நிற்கும் சுண்ணாம்பு வளையத்தின் மேல் இந்த ஜெல் எடுபடாததற்கும் அதே கால்சியம்தான் காரணம். பொடிக் கரைசலின் குறை, செங்குத்தான பக்கச் சுவரில் நிற்காமல் வழிந்துவிடுவது; பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துச் சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும். ஆகவே, கூடுதல் காசு முழுவதும் அந்தக் கொழகொழப்புக்காகத்தான் கொடுக்கிறோம்.

இனி பசைக்கு வருவோம். படகின் பெயரையும் பதிவு எண்ணையும் வினைல் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டுவது இப்போது எங்கும் வழக்கம். வெயிலில் வெந்த ஸ்டிக்கரை உரித்தால் விரல்நகம் அளவுத் துண்டுகளாகவே வரும். அடியில் நிற்கும் பசையில் புழுதி ஏறி, எழுத்தின் வடிவிலேயே கறுப்பாகத் தங்கிவிடும். அமிலத்துக்கு இந்தப் பசையோடு எந்த உறவும் இல்லை. தலைமுடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டி, மேல்நோக்கி இழுக்காமல் பின்னோக்கி மடித்து மெதுவாக உரித்தால் பசையின் பெரும்பகுதி ஸ்டிக்கரோடு வந்துவிடுகிறது. மீதியின் மேல், பெயின்ட் கரைக்க உதவும் மினரல் டர்பன்டைனில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் போல அழுத்தி வைத்தால் பசை ஊறிப் பொங்கும்; அப்போது கட்டைவிரலால் தள்ளினாலே சிறு உருண்டைகளாகத் திரண்டு வரும். ஓரங்களுக்குக் காலாவதியான ஏ.டி.எம். அட்டை போதும், இரும்புத் தகடு வேண்டாம். டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெயும் உதவும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு விடும். ஃபைபர் பட்டறைக்காரர்கள் முதலில் எடுப்பது அசிட்டோனைத்தான். துடைத்தவுடன் எடுத்துவிடுவதானால் கெடுதல் இல்லை, ஊற வைத்தால் ஜெல்கோட்டின் பளபளப்பு போய்விடும், முன்புறத்து அக்ரிலிக் கண்ணாடியில் பட்டால் அது வெளுத்து விரிசல் விடும். சீக்கிரம் தீப்பற்றும் பொருள் என்பதால் எஞ்சின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இடுக்குகளை அடைக்கும் சிலிக்கோன் பசையின் எச்சத்துக்கு இவை எதுவும் பயன்படாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

பசை முழுவதும் போன பிறகும் பழைய பெயர் மங்கலாகப் படிக்கத் தெரிந்தால், அது கறை அல்ல. ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் வெளுக்காமலும் சுற்றியுள்ள பரப்பு வெயிலில் வெளுத்தும் இருப்பதால் வரும் நிற வேறுபாடு அது. எந்தத் திரவமும் அதைப் போக்காது. ரப்பிங் காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசை கொண்டு சுற்றுப்புறத்தை மெருகேற்ற வேண்டும். ஜெல்கோட்டின் தடிமனே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் என்பதை மனத்தில் வைத்து, கை அளவாக நடக்க வேண்டும்.

புட்டியில் பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டிய எச்சரிக்கைகள் சில இருக்கின்றன. ஆக்ஸாலிக் அமிலம் நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். தளத்தைப் பிளீச்சிங் போட்டுக் கழுவும் பழக்கம் உள்ள படகுகளில் இதை மறக்கக் கூடாது. அலுமினியப் பட்டைகளின் மேலும் துத்தநாகப் பூச்சு உள்ள பாகங்களின் மேலும் ஜெல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலையைக் கரையில் ஏற்றி வைத்துச் செய்வதே முறை. கழுவிய நீர் காயலில் இறங்க வேண்டியதில்லை.

அணியத்து மீசை மட்டுமே தொந்தரவு, நேரமும் குறைவு என்பவர்கள் புட்டியை வாங்கலாம். இரண்டு மூன்று படகு வைத்திருப்பவர்களுக்குப் பொடிதான் கட்டுபடியாகும். எதைப் பயன்படுத்தினாலும் பழைய மெழுகுப் பூச்சு கறையோடு சேர்ந்து போய்விடுவதால், கழுவிக் காய்ந்ததும் புதிதாக மெழுகு பூச வேண்டும். பெயர் ஒட்டப்போகும் இடத்தை மட்டும் விட்டுப் பூசுங்கள். மெழுகின் மேல் ஸ்டிக்கர் நிற்பதில்லை.