கிரிட்டோடு சேர்வதா, தனித்து நிற்பதா?

தொழில்நுட்ப வளர்ச்சி என்று எதைச் சொன்னாலும் கடைசியில் பேச்சு மின்சாரத்தில்தான் வந்து நிற்கிறது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. நம் கிரிட்டை, அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையை, அக்கம்பக்கத்தாரின் கிரிட்டோடு இணைத்து, கொடுத்து வாங்குவது ஒன்று. நம் மின்சாரத்தை நாமே பார்த்துக்கொள்வது இன்னொன்று.

அமெரிக்காவின் டெக்சாஸ் இரண்டாவது வழியில் போனது. மத்திய அரசின் ஒழுங்குமுறைக்கு உட்படாமல் இருக்க, தன் கிரிட்டைப் பெரும்பாலும் தனியாகவே வைத்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் கடுங்குளிர் வந்தது. எரிவாயு வரத்து குறைந்து மின்நிலையங்கள் நின்றன. வெளியிலிருந்து வாங்கலாமென்றால் இணைப்புக் கம்பிகள் மிகக் குறைவு. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே மாநிலத்தின் எல் பாசோ, மேற்கு அமெரிக்க மாநிலங்களின் கிரிட்டோடு சேர்ந்த நகரம். அங்கே பாதிப்பு சொற்பம். ஆனால் 2011 குளிரில் பட்ட பாட்டுக்குப் பிறகு தன் மின்நிலையங்களைக் குளிர் தாங்கும்படி அது மாற்றியிருந்தது. எனவே பெருமை முழுவதையும் இணைப்புக்கே கொடுத்துவிட முடியாது.

சரி, இணைந்தால் போதுமா? 2003 செப்டம்பர் 28 அதிகாலை. சுவிட்சர்லாந்தில், இத்தாலிப் பக்கம் மின்சாரம் கொண்டுபோகும் ஒரு உயரழுத்தக் கம்பியின் மின்சாரம் மரத்தில் பாய்ந்து, அந்தத் தடம் துண்டிக்கப்பட்டது. அதன் சுமையும் சேர்ந்ததில் அடுத்த தடமும் போனது. அரை மணி நேரத்துக்குள் இத்தாலியே இருண்டது, சார்டினியா தீவு தவிர. பக்கத்து வீட்டு மின்சாரத்தை நம்பியிருந்தால் பக்கத்து வீட்டு மரமும் நம் பிரச்சினைதான்.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது இரண்டு வழிகளுமே கைகொடுத்தன. ஸ்பெயினுக்கு பிரான்ஸும் மொராக்கோவும் மின்சாரம் அனுப்பின. உள்நாட்டு நீர்மின் நிலையங்களும் உதவின. போர்ச்சுகலோ வெளி மின்சாரமில்லாமலே இயங்கத் தொடங்கும் நிலையங்களைக் கொண்டு எழுந்தது.

என் ஓட்டு இணைப்புக்குத்தான். காற்றும் வெயிலும் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஓய்வதில்லை. பரப்பு பெரிதாக ஆக, ஒருவர் குறையை இன்னொருவர் நிரப்பலாம். ஆனால் மருத்துவமனை, குடிநீர் பம்பு, செல்போன் கோபுரம் மூன்றும் தேவைப்பட்டால் கிரிட்டிலிருந்து கழன்று தனியே ஓட வேண்டும்.

கூரையில் சோலார் போட்டவர்களில் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கிரிட்டோடு இணைந்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர் (பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி), கிரிட் போனதும் தானும் அணைந்துவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அப்புறம் உச்சி வெயிலிலும் வீட்டில் ஃபேன் சுற்றாது. பேட்டரியும், கிரிட்டிலிருந்து தானே பிரியும் சுவிட்சும் இருக்கிறதா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.