பேனா அளவில் ஒரு சிவப்பு லேசர்

தொலைத்தொடர்புப் பொறியாளர் பயிற்சியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. என் சொந்தக் காசில் வாங்கிய முதல் கருவி, ஃபைபரில் பழுது காட்டும் இந்தச் சிவப்பு லேசர் பேனா. ஃபைபரில் ஓடும் 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. இது 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியை அனுப்புகிறது. இழை முறிந்த இடத்திலும் அளவுக்கு மீறி வளைந்த இடத்திலும் அது வெளியே கசியும்.

போன வாரம் ஒரு ரேக்கில் (கருவிகளை அடுக்கி வைக்கும் சட்டத்தில்) சிக்னலே இல்லை. ஒளித்துடிப்பு அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்துப் பழுது எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும் ஓடிடிஆர் கருவியை வைத்துப் பார்த்தோம். பழுது மிக அருகில் இருந்ததால் அந்தக் கருவியால் பிரித்துக் காட்ட முடியாத குருட்டுப் பகுதிக்குள் மறைந்துவிட்டது. சரி, லேசர் பேனாவைச் செருகிப் பார்ப்போம் என்று செருகினேன். ட்ரே மூடியில் நசுங்கிய மஞ்சள் பேட்ச் கார்டு (கருவிகளை இணைக்கும் குட்டை ஃபைபர் கேபிள்) ஓரிடத்தில் சிவப்பாக ஒளிர்ந்தது. சீனியர் அண்ணன் புது கார்டை நீட்டி, "நீயே மாத்துப்பா" என்றார். அந்த நிமிஷம் இன்னும் மனதில் நிற்கிறது.

குறையும் உண்டு. ஃபைபரைச் செருகும் வாய் 2.5 மில்லிமீட்டர், எல்சி என்ற சிறிய வகை கனெக்டருக்கு 1.25 மில்லிமீட்டர் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். தடித்த கருப்பு உறையுள்ள கேபிளில் கசிவு தெரியாது. அப்புறம், முனையை நேராகக் கண்ணால் பார்க்கவே கூடாது.