ஏற்காட்டு இறக்கமும் ஒரு வாடகைக் காரும்

பதினொரு வருடமாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கார் பைத்தியம். இந்த முறை சேலம் வந்தபோது அம்மாவையும் பெரியம்மாவையும் ஏற்காடு கூட்டிப் போக, நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார் ஒன்றை எடுத்தேன்.

பார்வைக்குப் புதுசு மாதிரி இருந்தது. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கிளட்ச் பெடல் இல்லாமல் தானே மாறிக்கொள்ளும் ஏஎம்டி கியர், நடுவில் அகலமான திரை. வண்டியை ஒப்படைக்க வந்த பையன் அந்தத் திரையைப் பற்றியே பத்து நிமிடம் சொன்னான். பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "சர்வீஸ் எல்லாம் கரெக்டா பண்ணிருக்குங்க சார்" என்றான். நானும் சரி என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் கூட இல்லை. ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் சக்தியை இழக்கும். காற்று மெலிந்துவிடுவதுதான் காரணம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏஎம்டியை, தானாகவே கியர் மாற்றும் 'டி'யில் விட்டால், மூன்றாம் கியரிலேயே வளைவுக்குள் நுழைந்து, ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகுதான் இரண்டுக்கு இறங்குகிறது. அந்த ஒரு நொடி வண்டியில் இழுவையே இல்லை, பின்னால் பஸ் நிற்கிறது. மூன்றாவது வளைவிலேயே, கியரை நாமே மாற்றும் மேனுவலுக்கு மாற்றிவிட்டேன். மலைக்கு வாடகை வண்டி எடுக்கிறவர்கள் முதலில் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் உள்ள தூண். வலப்பக்கம் திரும்பும் வளைவில், மேலிருந்து இறங்கி வந்த பஸ் முழுவதும் அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. தலையை முன்னால் நீட்டித்தான் பார்த்தேன். வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமல் இருக்கத்தான் தூணைத் தடிமனாக்குகிறார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கக் கண்ணாடியைத் தூணோடு ஒட்டி வைக்காமல் கதவின் மேல் சற்றுக் கீழே இறக்கிப் பொருத்தினால், இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து கிடைக்கும். வளைவில் அந்தச் சந்து வழியாகத்தான் எதிரே வருவதைப் பார்க்க முடியும். எங்கள் தாத்தாவின் அம்பாசடரில் தூண் மெலிசு; இந்தத் தொல்லையே கிடையாது.

இறங்கும்போதுதான் விஷயம். இரண்டாம் கியரிலேயே, எஞ்சினைப் பிடிமானமாக வைத்துத்தான் வந்தேன். பாதி மலை இறங்கியதும் கருகிய வாசனை. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இரண்டு தடவை அடித்து மிதித்த பிறகுதான் பிடித்தது. ஓரமாக நிறுத்தி முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன். பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அஸ்தம்பட்டியில் மாமாவுக்குப் பழக்கமான பட்டறைக்கு ஓட்டிப் போனேன். மெக்கானிக் அண்ணன் மூடியைத் திறந்து, பேனா மாதிரி ஒரு கருவியை பிரேக் ஆயிலில் நனைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "தண்ணி ஏறிக் கிடக்குது தம்பி. சூடானா கொதிச்சு குமிழி விடும். அப்புறம் பெடலு எங்க நிக்கும்?" என்றார். அவர் சொன்னது அச்சுப் பிசகாத உண்மை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அது கொதித்தால் வரும் குமிழி, மிதிக்கும்போது அமுங்கிவிடும்; அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த வரம்பே 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு அதே கணக்கு 230, 155. நகரத்துக்குள் ஓட்டும்வரை இந்த வித்தியாசம் தெரியாது. ஏற்காட்டு இறக்கம் காட்டிக்கொடுத்துவிடும். நான்கு சக்கரத்திலும் பழையதை வடித்து டாட் 4 ஊற்றினார். வடிந்தது டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வாடகைக்கு விட்டவர்களிடம் பில்லைக் காட்டினேன். தொகையைக் கழித்துக்கொண்டார்கள், வருத்தம் மட்டும் சொல்லவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் உட்கார்ந்து வந்த வண்டி அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாமாவின் 2016 மாடல் காரும் அதே பட்டறையில்தான் நின்றது. பெட்ரோல் ஹோஸ் ஊறி மெத்தென்று ஆகியிருந்தது. வயதும் ஒரு காரணம். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. இந்தியாவில் 2023 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ரப்பர், உலோகப் பாகங்கள் அதைத் தாங்கும்படி இருக்கின்றன; அதற்கு முந்தைய எல்லா வண்டிகளையும் அப்படிச் சொல்ல முடியாது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆக, சுத்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஈ20-இல் ஆறேழு சதவீதம் குறையும். மைலேஜ் விழுகிறது என்று மாமா சொல்வது பிரமை இல்லை. அதே சமயம் எத்தனாலின் ஆக்டேன், அதாவது எஞ்சினுக்குள் அழுத்தினாலும் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளாத தன்மை, அதிகம். அழுத்த விகிதத்தை உயர்த்தி, அதற்கென்றே செய்த எஞ்சினில் இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். நான் எத்தனாலுக்கு எதிரி இல்லை. நம் ஊர்க் குச்சிக்கிழங்கு மாவிலிருந்தும் அதைக் காய்ச்சலாம். ஆனால் ஜெர்மனியில் 2011-இல் ஈ10 வந்தபோது, பக்கத்திலேயே ஈ5 குழாயும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பழைய வண்டிக்காரர் அதைப் போட்டுக்கொள்ளலாம். மாமாவுக்கும் அப்படி ஒரு குழாய் வேண்டும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு சித்தப்பா மகனின் மின்சாரக் காரில் மறுபடி ஏற்காடு போனோம். ஏறும்போது கியரும் இல்லை, தயக்கமும் இல்லை. வளைவிலிருந்து வெளியே வரும்போது மிதித்த அந்தக் கணமே இழுக்கிறது. 1,600 கிலோ வண்டியை 1,200 மீட்டர் தூக்க ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். அது வீணல்ல, இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. தம்பி விவரமானவன். மேலே தங்கிய இடத்தில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிட்டான். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வருவதை வாங்க இடம் இருக்காது, மோட்டார் பிடிக்காது, சுமை முழுவதும் பிரேக் மேல் விழும். மலை மேல் சார்ஜ் போடுகிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

அடிவாரத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். இறங்கியதும் முன்சக்கரத்தின் அருகே கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் நின்ற தகரம் அளவுக்குக்கூடச் சூடில்லை. பெரியம்மா அதற்குள் டீ சொல்லியிருந்தார்.