மூன்றாவது ஜிப்பும் போச்சு: சாண்ட்பேக்கோடு மூன்று வருடம்

நேற்று இரவு கோணி ஊசியும் நைலான் நூலுமாக உட்கார்ந்து சாண்ட்பேக்கின், அதாவது குத்துவதற்கல்ல, தூக்கிப் பயிற்சி எடுப்பதற்கான மணல் மூட்டையின், வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன். கூடப் பயிற்சி எடுக்கும் நண்பன் அப்போதுதான் கேட்டான்: "நானும் ஒண்ணு வாங்கிடலாமா?" இன்னும் பத்து வாரத்தில் அவனுக்கு முதல் அமெச்சூர் எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) போட்டி. பல்லில் நூலைக் கடித்திருந்ததால் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இங்கே எழுதக்கூடிய வார்த்தையாக இருந்திருக்காது.

பையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளியே தடித்த உறை, சுற்றிலும் கைப்பிடிகள், நீள ஜிப், உள்ளே வெல்க்ரோ வாய் வைத்த மூன்று குட்டிப் பைகள். மணலை நாமே நிரப்ப வேண்டும். என்னுடையதில் 36 கிலோ இருக்கிறது. நான் 70 கிலோ.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்ல மனம் வராது.

பார்பெல் நல்ல பிள்ளை. கை பிடிப்பதற்கென்றே செய்த கம்பி, இரண்டு பக்கமும் ஒரே எடை, நேராக மேலே வரும், நேராகக் கீழே போகும். எதிராளி அப்படி வருவதில்லை. டெட்லிஃப்டில், அதாவது தரையிலிருந்து பார்பெல்லைத் தூக்கி நிமிர்வதில், 160 கிலோ எடுத்த வாரத்திலேயே, என் எடையில் பாதிக்குச் சற்று அதிகமான இந்த மூட்டையைத் தோளில் ஏற்ற முடியாமல் திணறியிருக்கிறேன். பாதி தூரம் ஏறும்போது மணல் ஒரு பக்கமாகச் சரியும். இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும், கால் தானாக இடம் மாறும். டபுள் லெக் (எதிராளியின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடிப்பது) பிடித்து ஒருவனைத் தூக்கும்போது அவன் இடுப்பைத் தாழ்த்திக் கனமாவானே, அதே உணர்வு.

கைப்பிடிகளை நான் தொடுவதே இல்லை. போட்டியில் எவனுக்கும் கைப்பிடி கிடையாது. உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, கட்டைவிரலையும் ஒட்டிப் பூட்டி, பையை மார்போடு இறுக்கி நடப்பேன். மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான், நான் எதிர்பார்க்காததும் இதுதான். பை மார்பை அழுத்தும்போது ஆழமாக மூச்சு இழுக்க முடியாது. முதல் மாதம் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்து, பத்தாவது அடியில் கண் இருட்டிக் கீழே போட்டேன். பிறகு சின்னச் சின்னதாக ஊதி விட்டுக்கொண்டே நடக்கப் பழகினேன். நாலைந்து மாதம் கழித்து ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) என்னைவிடக் கனமான ஒருவன் சுவரோடு சேர்த்து, அக்குளுக்குக் கீழே கையை நுழைத்து அண்டர்ஹூக் போட்டு நசுக்கினான். வழக்கமாக அந்த இடத்தில்தான் எனக்குப் பதற்றம் வரும். அன்று வரவில்லை. அதே குட்டி மூச்சு, தானாக வந்தது. எந்த பெஞ்ச் பிரஸ்ஸும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை.

இப்படிப் பிடிபோடும்போது முன்கை எரிவதற்கும் காரணம் உண்டு. கிளிஞ்சில், அதாவது நின்றபடி ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து மல்லுக்கட்டும்போது, தசை அசையாமல் இறுகி நிற்கிறது. இறுகிய தசை தன் ரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. ஓடும்போது தசை இறுகித் தளர்வதால் ரத்தம் போய்வரும், இங்கே அதற்கு வழியில்லை. ஓட்டப்பந்தயத்தில் நன்றாக ஓடுகிறவன்கூடப் பிடிபோட்டால் இரண்டு நிமிடத்தில் கை செத்துப்போவது இதனால்தான்.

ஆரம்பத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, மூன்று ரவுண்டு என்று போட்டிக் கணக்கிலேயே வைத்துக்கொண்டேன். தோளில் ஏற்று, இறக்கு, கட்டிப்பிடித்து நட, தரையில் போட்டு மேலே ஏறி உட்கார், பத்து குத்து, எழுந்திரு. ஒவ்வொரு ரவுண்டிலும் விழும்வரை செய்தேன், வாரம் நான்கு நாள். ஆறு வாரத்தில் ஸ்பாரிங்கில் குப்பையாகிவிட்டேன். கோச் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஒரு நிமிஷ ஓய்வு முடியும்போது முழு வாக்கியம் ஒன்று சேர்ந்தாற்போலப் பேச முடியுதா பாரு." முடியவில்லை. வெடித்து எழும் சக்திக்கான எரிபொருள் தசையில் சில நொடிக்குத்தான் இருக்கிறது. அதை மறுபடி நிரப்புவது ஆக்சிஜன், அதாவது மெதுவாக ஓடிச் சேர்த்த ஏரோபிக் அடித்தளம். அதை விட்டுவிட்டு நான் உச்சியை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பை வாரம் ஒரு நாள், பார்பெல் இரண்டு நாள், மிச்சம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓட்டம். கடும் ஸ்பாரிங்குக்கு மறுநாள் பையைத் தொடுவதில்லை.

இனி மணல்.

இது கசியும். முதல் வாரம் ஒரு சிட்டிகை. உட்பையின் வெல்க்ரோ பற்களில் மணல் ஏறினால் அது பிடிக்காது, பிடிக்காவிட்டால் இன்னும் மணல் வரும். பிறகு ஜிப்பில் ஏறி அதையும் தின்னும். ஒரு வருடத்துக்கு ஒரு ஜிப் என்பது என் கணக்கு. பயிற்சி மேட்டில் (தரையில் விரித்த மெத்தையில்) வெறுங்காலில் நடந்தால் நறநற என்கிறது. கிராப்ளிங்கில் (பிடிச்சண்டையில்) முகம் தரையில் உரசியவனுக்குக் கன்னத்தில் கோடு விழுந்தது, அவன் என்னைத்தான் முறைத்தான். ஒரு முறை மவுத்கார்டைக் கடித்தபோது பல்லுக்கிடையில் மணல். அன்றே கோச் பையை மேட்டிலிருந்து நாடுகடத்தி, வாசலோரம் வைக்கச் சொல்லிவிட்டார்.

பல்லில் மணலைப் பொறுத்துக்கொள்ளலாம். தூசியை முடியாது. மணல் என்பது பெரும்பாலும் சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்தூசி நுரையீரலுக்கு ஆகாது. கல் உடைக்கும் வேலையில் சிலிக்கோசிஸ் வருவது அதனால்தான். கல்குவாரி அளவுக்கு என் பையில் தூசி இல்லை, தெரியும். ஆனால் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று போதும், மூன்றாவது ரவுண்டில் அது 100 லிட்டரைத் தாண்டும். அந்த நேரம் பார்த்து, பையை மார்போடு அணைத்து, மூக்கை அதன் ஜிப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறேன். நினைத்தாலே எரிச்சல்.

விற்றவர்களுக்கு எழுதினேன். உத்தரவாதம் தையலுக்குத்தான், ஜிப்புக்கு இல்லையாம். தோள் உயரத்திலிருந்து கீழே போடக் கூடாது என்று குறிப்பேட்டில் இருப்பதையும் பணிவாக நினைவூட்டினார்கள். சரி, அதில் பாதிப் பழி என்னுடையது, போட்டேன், நிறைய தடவை போட்டேன். ஆனால் சண்டைக்காரர்களுக்கு என்று பெயர் வைத்து விற்கும் பையைக் கீழே போடாதே என்றால், கொஞ்சிக் கொஞ்சியா இறக்கிவைப்பது? தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று வருடத்துக்கு அது பெரிய விஷயம். அந்தத் தையலைப் போட்டவரிடமே ஜிப்பையும் கேட்டிருக்கலாம்.

இப்போது செய்திருப்பது இது: கழுவிக் காயவைத்த மணல், அதைத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு டேப் சுற்றி, அப்புறம் உட்பை, அதற்கு மேல் உறை. ஜிப்பே வேண்டாமென்று வாயை மொத்தமாகத் தைத்துவிட்டேன். முக்கால் பங்குதான் நிரப்பினேன். முட்ட நிரப்பினால் அது மரக்கட்டை, சரியாது, பிறகு எதற்கு அது. ரப்பர் துருவல் போட்டால் இந்த சிலிக்காத் தூசி இருக்காது, ஆனால் இதே எடைக்குப் பை கையில் அடங்காது.

நண்பனுக்குப் பதில்: வாங்காதே. பத்து வாரத்தில் இதோடு பழகி, முதுகை வளைத்துத் தூக்கி, முதுகு பிடித்துக்கொண்டு, போட்டிக்கு முன் படுத்துவிடுவாய். இருக்கிற பார்பெல்லைத் தூக்கு, ஓடு, ஆளோடு கிளிஞ்ச் போடு. ஆள் கசியமாட்டான். அவ்வளவு ஆசையென்றால் புதன்கிழமை வந்து என்னுடையதைத் தூக்கிப் பார். மணலில் பாதியை எடுத்துவிட்டு ஆரம்பி, கடைசிப் பத்து நாள் பக்கத்திலேயே போகாதே. கடனாகக் கேட்காதே, தரமாட்டேன். துடைப்பம் வாசலோரம் பைக்குப் பின்னால்தான் இருக்கிறது, கூட்டிவிட்டுப் போ.