ஈக்யூ5 மவுண்டுக்கு எந்த மோட்டார், எந்த டிரைவர்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து வான்படம் எடுக்க விரும்புவோருக்கு, கையால் திருகும் ஈக்யூ5 வகை மவுண்டை (தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தின் சுழற்சிக்கேற்பத் திருப்பும் அமைப்பு) வாங்கி, மோட்டாரையும் கட்டுப்பாட்டுப் பலகையையும் தாமே பொருத்திக்கொள்வது செலவு குறைந்த வழி. அப்படி இறங்குபவர்களில் பலர் முறுக்குவிசை மிகுந்த மோட்டாரைத் தேடிப் பணத்தைச் செலவழித்துவிட்டு, மோட்டாருக்கு மின்னோட்டம் அனுப்பி அதை ஓட்டும் சிறு பலகையான டிரைவரைக் கிடைத்த விலைக்கு வாங்குகிறார்கள். செலவின் வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஈக்யூ5இன் அச்சைச் சுழற்றும் வார்ம் சக்கரத்தில் 144 பற்கள் உள்ளன; திருகு போன்ற வார்ம் தண்டு ஒரு முறை சுழன்றால் இது ஒரு பல் நகரும். வானம் ஒரு சுற்றை முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆவதால், வார்ம் தண்டு ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சுழன்றால் போதும். எடை சமன் செய்யப்பட்ட மவுண்டில் இந்த வேலைக்கு, படிப்படியாகச் சுழலும் சிறிய நெமா 17 அளவு மோட்டாரின் விசையே மிஞ்சும். 20 பல், 60 பல் புல்லிகளைப் பெல்ட்டால் இணைத்து வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால், சுற்றுக்கு 200 படிகள் கொண்ட மோட்டாரின் ஒரு முழுப்படி வானத்தில் 15 விகலைக்கு (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) சமம். அதாவது விநாடிக்கு ஏறக்குறைய ஒரு படி. 400 மி.மீ. குவியத்தூரத்தில் 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவை வைத்தால் ஒரு பிக்சல் 1.94 விகலையைப் பிடிக்கும். மோட்டார் முழுப்படியாகத் தாவினால் விண்மீன் ஏழெட்டுப் பிக்சல் இழுபடும். அந்த ஒரு படியை டிரைவர் எத்தனை சமமான துண்டுகளாகப் பிரித்துத் தருகிறது என்பதே இங்கே கேள்வி.

மிகவும் மலிவானது, 28பிஒய்ஜே-48 மோட்டாரும் யூஎல்என்2003 டிரைவர் பலகையும் சேர்ந்த இணை. இதன் பல்சக்கரப் பெட்டியில் தளர்வு அதிகம். வார்ம் தண்டில் ஒரு பாகைத் தளர்வு வானத்தில் 25 விகலை. வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் ஆர்ஏ அச்சு ஒரே திசையில் ஓடுவதால் ஓரளவு சமாளிக்கலாம். வடக்கு-தெற்காகத் திருப்பும் டெக் அச்சில் கைடிங் (ஒரு விண்மீனைக் கண்காணித்துப் பிழையை அவ்வப்போது திருத்துவது) செய்யவே முடியாது. தவிர, உட்குறைப்பு விகிதம் சரியாக 64 அல்ல, சுமார் 63.7 என்பதை நிரலில் கவனிக்காவிட்டால் நிமிடத்துக்கு நான்கரை விகலை விலகும். அகன்ற கோண லென்ஸுக்கு மட்டும் இது போதும்.

அடுத்தது நெமா 17 மோட்டாருடன் ஏ4988 அல்லது டிஆர்வி8825 டிரைவர். மேற்சொன்ன புல்லிக் கணக்கில், படியை 16 ஆகப் பிரிக்கும் ஏ4988 துண்டுக்கு 0.94 விகலையும், 32 ஆகப் பிரிக்கும் டிஆர்வி8825 துண்டுக்கு 0.47 விகலையும் தருகின்றன. காகிதத்தில் இரண்டாவதே மேல். ஆனால் மின்தூண்டல் குறைந்த மோட்டாரை மெதுவாக ஓட்டும்போது, மின்னோட்டம் பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில் டிஆர்வி8825 சில துண்டுகள் அசையாமல் நின்று பிறகு குதிக்கும். முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் நன்கறிந்த குறை இது. விநாடிக்கு ஒரு படி என்ற வேகத்தில் அந்தக் குதிப்பு அப்படியே படத்தில் பதியும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் ஏ4988ஐ எடுப்பேன்.

டிஎம்சி2130, டிஎம்சி2209 ஆகிய டிரைவர்கள் உள்ளுக்குள் 256 துண்டுகள் வரை நிரவி, மின்னோட்டத்தைச் சைன் அலைக்கு மிக நெருக்கமாகத் தருகின்றன. மவுண்டை இயக்கும் ஆன்ஸ்டெப் போன்ற திறந்த மென்பொருளோடு டிஎம்சி2130ஐ எஸ்பிஐ என்ற தரவு இணைப்பு வழியே இணைத்தால், பின்தொடரும்போது ஓசையற்ற ஸ்டெல்த்சாப் முறையிலும், வேறு பொருளுக்கு விரையும்போது வேகத்துக்கு ஏற்ற ஸ்பிரெட்சைக்கிள் முறையிலும் தானாகவே மாறி ஓடும். 256 என்ற எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது: ஒரு நுண்துண்டுக்குக் கிடைக்கும் விசை மிகச் சிறியது, அதை வார்ம் உராய்வே விழுங்கிவிடும். ஆகவே இந்த டிரைவருக்குச் சுற்றுக்கு 400 படிகள் கொண்ட 0.9 பாகை மோட்டாரைச் சேர்த்து, முழுப்படியையே 7.5 விகலையாகச் சுருக்குவது நல்லது. என் தேர்வு இந்த இணைதான். சுழற்சியை அளக்கும் குறியாக்கியுடன் கூடிய டிசி சர்வோ மோட்டார் வேகமாக விரையும் என்றாலும், மெதுவான ஓட்டத்தில் ஊசலாடாமல் அதைச் சீரமைப்பது சொந்தமாகச் செய்பவருக்குப் பெரிய வேலை.

மோட்டாரில் 1.7 ஆம்பியர், 2.8 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு 2.8 வோல்ட் மின்வழங்கி தேட வேண்டாம். யூஎல்என்2003 நீங்கலாக மற்ற டிரைவர்கள் மின்னோட்டத்தைத் தாமே கட்டுப்படுத்துவதால், 12 வோல்ட் பேட்டரியே விநாடிக்கு 2 பாகை விரையப் போதும். அதற்கு மோட்டார் நிமிடத்துக்கு 144 சுற்றுகள்தான் சுழல வேண்டும். மின்சாரம் நின்றாலும் படம் நிற்காது. மின்னோட்டத்தை மட்டும் டிரைவரின் அளவுக்குள் வைக்க வேண்டும்: ஏ4988 குளிர்தகடு இல்லாமல் சுமார் 1 ஆம்பியர்தான் தாங்கும், சித்திரை இரவுகளில் இன்னும் குறைத்து வைப்பது நல்லது.

வாங்குமுன் மோட்டாரின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். செட்டிநாட்டில் வடதுருவம் தொடுவானத்துக்கு மேலே 10 பாகைதான் என்பதால், மவுண்டின் தலை ஏறக்குறையப் படுத்த நிலையில் நிற்கும். அந்த நிலையில் நீளமான மோட்டார் அடித்தளத்திலோ முக்காலியிலோ இடிக்கக்கூடும். விசை எப்படியும் மிஞ்சுவதால், தட்டையான நெமா 17ஐ வாங்கினால் நட்டமில்லை.